தாளத்துக்குத் தரை போடுகிறவர்கள்

பாட்டில் யாரும் கவனிக்காத கருவி பேஸ் கிதார். ஆனால் டிரம்ஸ்காரரோடு அது கைகோத்தால்தான் கேட்பவரின் கால் தானாக அசைகிறது. இந்தக் கலையை யாரைக் கேட்டுக் கற்பது?

ஆவணி பிறக்கப் பல வாரங்கள் இருக்கும்போதே புனே நகரம் அதிரத் தொடங்கிவிடும். கணேச சதுர்த்தி ஊர்வலத்துக்கான டோல்-தாஷா ஒத்திகை. ஆளந்தி சாலையில் இருக்கும் விஷ்ராந்த்வாடியும் இதற்கு விலக்கல்ல. இடுப்பில் கட்டிய பெரிய டோல் தரையைப் பிடித்துக்கொள்ள, சிறிய தாஷா இரண்டு மெல்லிய குச்சிகளின் கீழ் படபடவென்று பொரியும். வேகத்தைத் தீர்மானிப்பது தாஷா. கூட்டத்தின் காலை அசைப்பது டோல். ஒன்றைப் பிரித்துவிட்டால் மற்றது வெறும் சத்தம்.

மேற்கத்திய பாணி இசைக்குழுவில் டிரம்ஸுக்கும் பேஸ் கிதாருக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான். ஆனால் டோல் வாசிக்கப் போட்டி போடும் அதே புனே இளைஞர்கள், பேஸ் கிதார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

விஷ்ராந்த்வாடி, திகி, கட்கி வட்டாரத்துக்குத் தமிழர்கள் புதியவர்கள் அல்ல. 1869-ல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவப் பிரிவுகள், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள் என்று பிழைப்புக்காக வந்து தங்கிய குடும்பங்கள் பல. பின்னால் கணினி நிறுவனங்கள் இன்னொரு அலையைக் கொண்டுவந்தன. இந்த வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி விழாவிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கிதாரோடு நிற்கிறார்கள். 2010-ல் என்.எச்.7 வீக்கெண்டர் இசை விழா புனேயில் தொடங்கிய பிறகு மேடைக் கனவும் கூடியது. ஆனால் குழு அமைக்கும்போது நடப்பது எங்கும் ஒன்றுதான்: மூன்று பேர் கிதார் வாசிப்பவர்களாக இருந்தால், அவர்களில் சுமாரானவர் கையில் பேஸ் திணிக்கப்படுகிறது. நான்கு கம்பிதானே, என்ன கஷ்டம் என்ற நினைப்பு. குழு ஏன் மேடையில் 'ஒட்டவில்லை' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

நூலிழைக் கணக்கு

'க்ரூவ்' என்று இசைக்காரர்கள் சொல்வதைத் தமிழில் ஒரே சொல்லில் அடக்குவது சிரமம். தாளம் சரியாக இருப்பது வேறு. அந்தத் தாளம் உடம்பில் ஏறுவது வேறு. இரண்டாவது நடக்க இரண்டு பேர் வேண்டும். டிரம்ஸ்காரரின் கால் கிக் டிரம்மை மிதிக்கும் கணத்தில் பேஸ்காரரின் விரல் கம்பியை மீட்ட வேண்டும். இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டால் காதுக்கு அது சுருதி உள்ள ஒரே அடியாகக் கேட்கும். சில மில்லி விநாடிகள் பிசகினால் அடி மழுங்கிவிடும்.

அதோடு முடியவில்லை. ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் முக்கியம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் டிரம் சுளீரென்று விழும். அந்த இடத்தில் பேஸ் கம்பியைத் தொட்டு அடக்கிவிட்டால் ஸ்னேர் தனித்து ஒலிக்கும். இழுத்துப் பிடித்தால் பாட்டு நிதானமாகும். ஒரே சுரவரிசை, இரண்டு குணங்கள்.

இந்த உறவு நமக்கு அந்நியமானதும் அல்ல. மிருதங்கத்திலும் தவிலிலும் வலந்தலை பேசும்போது தொப்பி அடியில் தாங்குகிறது. உறுமியின் இழைந்து வழியும் கீழ் ஒலி இல்லாமல் நையாண்டி மேளம் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆட்டத்துக்கான இசைக்குழுவை இளங்கோ வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு கருவியும் தனக்கு முந்தியதன் வழியில் நிற்கிறது: குழலின் வழியில் யாழ், யாழின் வழியில் தண்ணுமை, அதன் பின் முழவு. யார் யாரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அது. அந்த ஒழுங்கைத்தான் இன்றைய பேஸ்காரரும் கற்க வேண்டியிருக்கிறது.

பாடம் சொல்லும் ஜோடிகள்

மின் பேஸ் கிதாரின் வரலாறு நீண்டதல்ல. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயரப் பெரிய பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது விடுதலை. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்தக் கருவிக்கு இலக்கணம் எழுதப்பட்டது.

முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளில் 1960களில் வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தியவர். பென்னி பெஞ்சமின் போன்ற டிரம்ஸ்காரர்களோடு அவர் வாசித்ததைக் கேட்டால் ஒன்று புரியும். பேஸ் அங்குமிங்கும் ஓடுகிறது, ஆனால் கிக் டிரம்மை விட்டு விலகுவதில்லை. சுதந்திரமும் கட்டுப்பாடும் ஒரே விரலில். அதிகம் வாசிக்க ஆசைப்படுபவர்கள் இவரைப் படிக்க வேண்டும்.

குறைவாக வாசிக்கக் கற்க வேண்டுமென்றால் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கே டொனால்ட் 'டக்' டன் பேஸ். அல் ஜாக்சன் ஜூனியர் டிரம்ஸ். புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் குழுவிலும், ஓடிஸ் ரெடிங் முதலியோரின் பாட்டுகளிலும் இவர்கள் பயன்படுத்திய சுரங்கள் சொற்பம். ஸ்னேர் அடி ஒரு நூலிழை தாமதித்து விழும். டன் அதற்காகக் காத்திருப்பார். அந்தத் தாமதம்தான் பாட்டின் சுகம். நம் சங்கீதத்தில் சமத்துக்குப் பின் தள்ளி எடுக்கும் எடுப்பு உண்டு. ஆனால் அது கணக்குப் போட்ட இடைவெளி. இவர்களுடையது கணக்கில் எழுத முடியாத அளவு சிறியது. காதால் மட்டுமே பழகக்கூடியது.

முதல் அடியின் மரியாதையைச் சொல்லிக்கொடுப்பவர் பூட்சி காலின்ஸ். 1970-ல் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் சேர்ந்தபோது அவர் பதின்வயதைத் தாண்டவில்லை. எதை வேண்டுமானாலும் வாசி, ஆனால் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் வந்து நில் என்பது பிரவுன் விதித்த சட்டம். இந்துஸ்தானி தபலா கேட்டுப் பழகிய புனே ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் போனாலும் 'சம்'முக்குத் திரும்புகிற அதே ஆனந்தம்.

இதற்கு நேர் எதிரான பாடம் ஜமைக்காவிலிருந்து வருகிறது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் ஆஸ்டன் பேரட் பேஸ், அவர் தம்பி கார்ல்டன் டிரம்ஸ். 'ஒன் டிராப்' எனப்படும் இவர்களது தாளத்தில் முதல் அடி காலியாக விடப்படும். கனம் முழுவதும் மூன்றாவதில் இறங்கும். டிரம்ஸ் காலி செய்த இடத்தில் பேஸ் ஒரு தனிப் பாட்டையே பாடுகிறது. மௌனமும் தாளத்தின் உறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் இல்லை.

இன்னும் இரண்டு ஜோடிகளைப் பட்டியலில் சேர்க்கலாம். நியூ ஆர்லியன்ஸ் நகரின் மீட்டர்ஸ் குழுவில் ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியரும் சிகபூ மாடலிஸ்ட்டும் ஊர்வல மேளத்தின் துள்ளலைக் குழு இசைக்குள் கொண்டுவந்தார்கள். டோல்-தாஷா கேட்டு வளர்ந்த காதுக்கு இவர்கள் சட்டென்று பிடிபடுவார்கள். ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டோனி தாம்சன் ஜோடி டிஸ்கோ நடனத்துக்குச் சட்டம் போட்டது.

சென்னையும் பம்பாயும்

இவ்வளவு தூரம் போகாமலே நம் வீட்டு வானொலியில் இந்தப் பாடத்தைக் கேட்டவர்கள் தமிழர்கள். கிதார் பயின்ற இளையராஜா 1976-ல் திரைக்கு வந்தபின் பேஸ் கிதாருக்குத் தமிழில் தனி வாழ்வு கிடைத்தது. ஒவ்வொரு கருவிக்குமான சுரங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். பேஸ் வரியும் அதில் ஒன்று. பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் எதிர்வழியில் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு வரும். 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) படங்களின் பாட்டுகளைக் குரலை மறந்துவிட்டுக் கேட்டுப் பார்த்தால் தெரியும். அந்தக் கால ஒலிப்பதிவில் பல கலைஞர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றாக வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கட்டாயமே கேட்கும் பழக்கத்தை வளர்த்தது. ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸுக்கு, 2020-ல் மறைந்த புருஷோத்தமன். எழுதப்பட்ட சுரத்தை உயிருள்ள அசைவாக மாற்றியது இத்தகைய கைகள்தான்.

1992-ல் 'ரோஜா'வோடு வந்த ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸின் பேஸுக்கும் சிவமணியின் தாளவாத்தியங்களுக்கும் தனி இடம் உண்டு. பீட்டர்ஸ் வாசிக்கும் கட்டையில்லாத பேஸில் சுரங்கள் வழுக்கிக்கொண்டு போகும். கமகம் பழகிய காதுக்கு அது உறவுக்காரர்.

புனேயிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மும்பையில் ஆர்.டி. பர்மன் குழுவின் டோனி வாஸ், சரண்ஜித் சிங் ஆகியோர் பேஸையும் ஃபிராங்கோ வாஸ் டிரம்ஸையும் கவனித்தார்கள். டில்லியின் இண்டியன் ஓஷன் குழுவில் ராகுல் ராம் பேஸ் வாசிக்க, ஒரு பக்கம் அமித் கிலாமின் டிரம்ஸ், மறுபக்கம் 2009-ல் மறைந்த அஷீம் சக்ரவர்த்தியின் தபலா. இரண்டு தாளக்காரர்களுக்கு நடுவே ஒரு பேஸ் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு 2000-ல் வந்த 'காந்தீசா' நல்ல பாடம். 1996-ல் பிறந்த மும்பையின் மோகினி டே, சிறு வயதிலேயே டிரம்ஸ் மேதை ரஞ்சித் பாரோட்டோடு மேடை ஏறியவர். அவரது வேகத்தைப் பார்த்து மலைக்கும் இளைஞர்கள், அந்த வேகத்துக்கு அடியில் அசையாமல் நிற்கும் காலக்கணக்கைக் கவனிப்பது நல்லது.

பெயரில்லாத விரல்கள்

இந்தக் கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான். உலகத்தையே ஆட வைத்த ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகள் எந்த இசைத்தட்டு உறையிலும் அச்சாகவில்லை. 1971-ல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அது இடம்பெற்றது. 1983-ல் ஜேமர்சன் இறந்தபோது சாதாரண ரசிகருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆஸ்டன் பேரட் தனக்கும் தம்பிக்கும் சேர வேண்டிய உரிமத்தொகைக்காக லண்டன் நீதிமன்றம் வரை போய் 2006-ல் தோற்றார். கார்ல்டன் 1987-லேயே கிங்ஸ்டனில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆஸ்டன் 2024-ல் மறைந்தார்.

நம் ஊர் நிலைமையும் இதைவிட மேலாக இருந்ததில்லை. கேசட் உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர்கள் 'குழுவினர்'கூட இல்லை. ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டபோதுதான் பலருக்கு அப்படி மனிதர்கள் இருப்பதே தெரிந்தது.

இதற்குள் எந்திரமும் வந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.பி.303 என்ற கருவியைக் கொண்டுவந்தது. பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கு அது மாற்று. விந்தை என்னவென்றால், அதை உலகமே பின்னால் வியக்கும்படி பயன்படுத்தியவர் ஒரு பேஸ்காரர். மேலே சொன்ன சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை எந்திரத் தாளத்தில் பதிவு செய்தார். அன்று அது விலைபோகவில்லை. 2010-ல் மறுவெளியீடு கண்டபோது மேல்நாட்டு விமர்சகர்கள் முன்னோடி என்று கொண்டாடினார்கள். 2015-ல் மறைவதற்கு முன் முதிய வயதில் வெளிநாட்டு மேடைகளைப் பார்த்துவிட்டார் என்பது ஆறுதல்.

எல்லோருக்கும் அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. கணினி வந்த பிறகு தாளத்தையும் பேஸையும் தனி ஒருவர் அறைக்குள் உட்கார்ந்தே கோத்துவிட முடிகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்களுக்கு வேலை சுருங்கியது. இளைஞர்கள் வீட்டில் தனியாக, திரையைப் பார்த்துப் பழகுகிறார்கள். விரல்கள் முந்தைய தலைமுறையைவிட வேகமாக ஓடுகின்றன. இன்னொரு மனிதரின் மூச்சைக் கேட்டு வாசிக்கும் பழக்கம் மட்டும் அருகிவருகிறது. எந்திரத்தின் துடிப்பு தவறாது என்பது உண்மை. ஆனால் அது பேஸ்காரர் தயங்கினால் காத்திருக்காது. அவர் உற்சாகமானால் கூட வராது.

பழகும் முறை

செலவில்லாத சில வழிகள் உண்டு. முதலாவது, நல்ல ஹெட்ஃபோனில் கேட்பது. பேஸ் கிதாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள் கொண்டது. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. இரண்டாவது, ஒரு பாட்டை மூன்று முறை கேட்பது: ஒருமுறை கிக் டிரம்முக்காக மட்டும், அடுத்து பேஸுக்காக, பிறகு இரண்டும் சந்திக்கும் இடங்களுக்காக. மூன்றாவது, மெட்ரோனோமை நான்கு எண்ணிக்கைக்கும் ஒலிக்க விடாமல் இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலிக்க வைத்து ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் வாசிப்பது. சலிப்பூட்டும் பயிற்சிதான். சலிப்பு தீரும் இடத்தில் தாளம் உள்ளே இறங்கத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நான்காவது: டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரைத் தேடிக்கொண்டு, வாரம் ஒருமுறையாவது வேறு கருவி எதுவும் இல்லாமல் இருவர் மட்டும் வாசிப்பது. பார்வை அவர் காலில் இருக்க வேண்டும். புருஷோத்தமனும் அல் ஜாக்சனும் கார்ல்டன் பேரட்டும் இன்று இல்லை. அவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் அவர்களைக் கேட்டதைப் போல இன்னொருவரைக் கேட்க ஆள் இருக்கும்வரை அந்த வித்தை அழியாது. கைக்குக் கிடைக்கும் நான்கு கம்பிகளை மிச்சமானவருக்குத் தள்ளிவிடாமல், குழுவிலேயே கூர்மையான காது உள்ளவருக்குக் கொடுப்பது நல்ல தொடக்கம்.