வண்டி பிடித்திருக்கிறதா? இன்ஜின் நிலைக்குமா?

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் வந்து தம் கைப்பேசியை என் கையில் திணித்தார். "பையன் டெக்சாஸிலிருந்து பேசறான் சார். உங்களைத்தான் கேக்கணுமாம்" என்றார்.

பையன் கேட்டது இதுதான்: "மாமா, லெக்சஸ் ஜிஎக்ஸ் 550 ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். 2024 மாடல், ஒருத்தர் ஓட்டின வண்டி. வெச்சிருக்கிறவங்க எல்லாரும் ஓஹோன்னு சொல்றாங்க. ஆனா இன்ஜின்ல ஏதோ கோளாறுன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிடுதாம். கோடையில அப்பா அம்மா வராங்க. குழந்தைங்களோட நீளப் பயணம் போகணும். வாங்கலாமா, வேண்டாமா?"

நான் கார் நிபுணன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பகுதிக் காலத்தை டீசல் லோகோ ஷெட்டுகளில் எண்ணெய்க் கறையோடு கழித்தவன். ஆனால் பெரியதோ சிறியதோ, இன்ஜினுக்குள் நடப்பது ஒன்றுதான். நம் வீடுகளில் பலருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; இங்கேயும் பெரிய வண்டி வாங்குவோர் பெருகிவிட்டார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், மாறியது என்ன என்று பார்ப்போம். ஜிஎக்ஸ் வண்டியின் முந்தைய வடிவமான 460, 2023 வரை பதினான்கு ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. அதில் எட்டு சிலிண்டர், 4.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டர்போ கிடையாது. 2023 ஜூனில் அறிமுகமான புதிய 550-இல் உடல், சட்டகம், உள்ளலங்காரம் எல்லாமே புதிது. இன்ஜினும் புதிது: ஆறு சிலிண்டர், சுமார் 3.4 லிட்டர், இரண்டு டர்போ. இதன் அண்ணன் லெக்சஸ் எல்எக்ஸ். அது 2021-இலேயே 5.7 லிட்டர் எட்டு சிலிண்டரைக் கைவிட்டு இதே இன்ஜினுக்கு மாறிவிட்டது. டொயோட்டாவின் டண்ட்ரா என்ற பிக்-அப் வண்டியிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். எரிபொருள் சிக்கனமும் புகைக் கட்டுப்பாடும் இந்த மாற்றத்துக்குக் காரணங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பழைய 460-இன் முறுக்கு விசை சுமார் 446 நியூட்டன் மீட்டர். 4.6 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 97. புதிய 550-க்கு 650 நியூட்டன் மீட்டர். 3.445 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 189 வருகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு! முழு விசை கேட்கும்போது ஒவ்வொரு பிஸ்டனின் தலையிலும் விழும் அழுத்தம் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது என்று பொருள். அந்த அழுத்தம் கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குபவை மெயின் பேரிங்குகள்.

மெயின் பேரிங் என்றதும் குண்டுகள் உருளும் பேரிங் என்று எண்ண வேண்டாம். இரண்டு அரை வளையத் தகடுகள், அவ்வளவுதான். அவற்றுக்கு நடுவே தண்டு சுழல்கிறது. ஓடும்போது உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்து தண்டை மிதக்க வைக்கிறது. சுமை ஏறும்போது அந்தப் படலம் சில மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அப்படியானால் அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே ஓர் உலோகத் துணுக்கு புகுந்தால், சோற்றில் கல் கடித்த கதைதான். பேரிங் கீறும், சூடேறும், கடைசியில் தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த இன்ஜினில் நடந்ததும் அதுதான். 2024 மே மாத இறுதியில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022, 2023 மாடல் டண்ட்ராவும் எல்எக்ஸும் அதில் அடக்கம். தயாரிப்பின்போது கடைசல் துணுக்குகள் இன்ஜினுக்குள் சுத்தம் செய்யப்படாமல் தங்கியிருக்கலாம். அவை மெயின் பேரிங்கைக் கெடுத்து, தட்டும் ஓசை, ஒழுங்கற்ற ஓட்டம், ஓடும்போதே இன்ஜின் நின்றுபோதல் ஆகியவற்றில் முடியலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அத்தனை வண்டிகளும் பழுதானவை என்று பொருளல்ல. அவற்றில் எதில் துணுக்கு இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் அழைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பட்டியலில் ஜிஎக்ஸ் இல்லை. அப்போது வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். 2025 நவம்பரில் இரண்டாவது அழைப்பு வந்தது. சுமார் 1,27,000 வண்டிகள். இம்முறை 2024 மாடல் ஜிஎக்ஸும் சேர்ந்துவிட்டது. நண்பரின் மகன் பார்த்து வைத்திருப்பது அதே ஆண்டு வண்டி.

அப்படியானால் வைத்திருப்பவர்கள் ஓஹோ என்று புகழ்கிறார்களே, அது பொய்யா? பொய்யே இல்லை. இங்கேதான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும்படியான கதை அல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஷெட்டில் டபிள்யூடிஎம்-2 லோகோ ஒன்று முழுப் பழுதுபார்ப்பு முடிந்து தயாரானது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத் திறன். மாத இலக்கை முடிக்க வேண்டிய அவசரம். கிராங்க் கேஸின் எண்ணெய் வழிகளை இன்னொரு முறை கழுவிப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். முதல் நடை போய்த் திரும்பிய டிரைவர், வயதான இந்திக்காரர், இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "ஏக்தம் நயா ஹை சாப்!" என்றார். இழுவை நன்று, புகை இல்லை, ஓட்டச் சுகம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் எண்ணெய்ச் சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. டீசல் ஷெட்டுகளில் இன்ஜின் எண்ணெயின் மாதிரியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து எந்த உலோகம் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். இரும்பு, குரோமியம் ஏறினால் லைனர், ரிங் பக்கம் சந்தேகம். செம்பு, ஈயம் ஏறினால் பேரிங் பக்கம் சந்தேகம். அன்று செம்பும் ஈயமும் ஏறியிருந்தன. "அடுத்த ஷெட்யூலில் பார்த்துக்கொள்வோம்" என்றேன். இரண்டாம் நாள் இரவு, மலைப்பாதை ஏற்றத்தில், பயணி வண்டியோடு அந்த லோகோ நின்றுபோனது. மாற்று லோகோ போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுற்றிலும் இருட்டு, பெட்டிகளில் குழந்தைகள், முதியவர்கள். இன்ஜினைப் பிரித்தபோது பேரிங்கின் உலோகம் எண்ணெய்த் தொட்டியில் செதிலாகக் கிடந்தது. எனக்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

டிரைவரின் திருப்தி இழுவைக்கும் ஓட்டச் சுகத்துக்கும் சாட்சி. பேரிங்கின் ஆயுளைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடியவை எண்ணெய்ச் சோதனையும் காலமும்தான்.

கார் உலகத்திலும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, "இதே வண்டியை மறுபடி வாங்குவீர்களா?" என்று கேட்டுத் திருப்தியை மதிப்பிடுகிறது, பழுதுகளுக்கு வேறு கேள்விகள் வைத்திருக்கிறது. ஜே.டி.பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வு முதல் 90 நாட்களைப் பார்க்கிறது; நீடிப்பு ஆய்வு மூன்று ஆண்டு ஆன வண்டிகளைப் பார்க்கிறது. இரண்டிலும் நூறு வண்டிக்கு எத்தனை குறைகள் என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் கைப்பேசி இணையவில்லை என்பதும் ஒரு குறை. இன்ஜின் பிடித்துக்கொண்டது என்பதும் ஒரு குறை! ஆகவே மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, அது எந்தக் கேள்விக்கான பதில் என்று முதலில் பாருங்கள்.

நம் நாட்டில் எல்எக்ஸ் 2022 டிசம்பரில் எல்எக்ஸ் 500டி என்ற பெயரில் அறிமுகமானது. அதில் இருப்பது 3.3 லிட்டர் டீசல் இன்ஜின். அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டது பெட்ரோல் இன்ஜின்; வண்டியின் பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தச் செய்தி இதற்கும் பொருந்தும் என்று குழம்ப வேண்டாம். இங்கே 2012-இல் கார் தயாரிப்பாளர் சங்கம் தானாக முன்வந்து திரும்ப அழைக்கும் நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன.

இனி, பையனுக்குச் சொன்ன யோசனைகள்:

முதலாவது, அந்த வண்டியின் அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பார். இலவசம்தான். அழைப்பு நிலுவையில் இருக்கும் பழைய வண்டியை விற்கக் கூடாது என்று அங்கே மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியது உன் பொறுப்பு.

இரண்டாவது, நிவாரணம் செய்தாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால், என்ன செய்தார்கள் என்பதைத் தாளில் வாங்கு. வாய்வார்த்தை போதாது.

மூன்றாவது, லெக்சஸ் இன்ஜின், கியர் பகுதிகளுக்கு ஆறு ஆண்டு அல்லது 70,000 மைல் உத்தரவாதம் தருகிறது. எத்தனை மீதி இருக்கிறது என்று பார்.

நான்காவது, வாங்கினால் எண்ணெயைச் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்று. மாற்றும்போது கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பு. அங்கே தனி நபர்களுக்கும் செய்து தருகிறார்கள். செம்பு, ஈயம் ஏறினால் என்னைப் போல "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாதே.

ஐந்தாவது, அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்டாலோ எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடு. வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காதே.

இவ்வளவும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், முழுவதும் மாற்றி அமைத்த எந்த வண்டியானாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டு மாடலை விட்டுவிடு. மற்றவர்களின் அனுபவம் உனக்குப் பாடமாக வரட்டும்.

"சரி மாமா, அந்த நம்பரை முதல்ல வாங்கறேன்" என்றான் பையன். கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எந்த வண்டியில் போனாலும், அவன் பெற்றோர் நடுவழியில் இருட்டில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை. ஒரு முறை நிறுத்தியவன் நான், அதனால் சொல்கிறேன்.