கெடு தேதியும் செல்போனும் நம் உடல்நலமும்

ஸ்ரீவைகுண்டம் போன்ற சிற்றூரிலும் இன்று ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. தூத்துக்குடி விலை நிலவரமும் அதில்தான் வருகிறது. வசதிதான். ஆனால் கடை அடைத்த பிறகும் செல்போன் அடைவதில்லை.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் கெடு தேதிகளும் சேர்ந்துகொண்டன. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் 11-ஆம் தேதிக்குள் விற்பனை பில் விவரம் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி அது வாங்கியவரின் கணக்கில் தெரியும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டி 3பி தாக்கல் செய்ய வேண்டும். நாம் பிந்தினால் நம்மிடம் வாங்கிய கடைக்காரருக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. 3பி பிந்தினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. ஆகவே முதலாளி, கணக்குப்பிள்ளை, பில் போடுகிறவர், ஆடிட்டர் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். ஒருவரின் பதற்றம் மற்றவரையும் பிடித்துக்கொள்ளும்.

பதற்றம் வந்தால் உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புகள் கூடுகின்றன. நாடி வேகமாகும், இரத்த அழுத்தம் ஏறும், கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடும். ஆபத்து நேரத்தில் ஓடித் தப்பிக்க இது உதவும். கல்லாவில் உட்கார்ந்தபடி நாள் முழுவதும் இதே நிலை என்றால் தூக்கம் கெடும். சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு அவை கட்டுக்குள் நிற்பது கடினம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 124 பேரிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. மின்னஞ்சலை நாளைக்கு மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் அவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது. எனவே, கெடு தேதியை நாம் மாற்ற முடியாது. செய்தி பார்க்கும் நேரத்தை மாற்றலாம்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஆர்டர் செய்திகளைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளை பார்ப்போம். அந்த நேரத்தை வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுவோம். அவசரமென்றால் பேசட்டும்.

2. அன்றைய பில்லை அன்றே கணக்கில் ஏற்றுவோம். நமக்குள் கெடுவை 8-ஆம் தேதியென வைத்துக்கொள்வோம்.

3. இரவில் கணக்குப்பிள்ளைக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். அவருக்கும் குடும்பம் உண்டு.

4. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர்கள் மூன்று மாதத்துக்கொரு முறை ரிட்டர்ன் போடும் திட்டம் ஏற்றதா என்று ஆடிட்டரிடம் கேட்கலாம். ஆனால் வரியை மாதாமாதம் கட்ட வேண்டும்.

5. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வோம். கடைப் பணியாளர்களையும் பார்க்கச் சொல்வோம்.

தாமதக் கட்டணத்தைப் பணத்தால் கட்டிவிடலாம். உடம்பு அப்படியல்ல. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.