கோல் அடிக்காத வீரர்

கால்பந்தாட்டம் என்றதும் கோல் அடித்தவரின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. அவரையே கூட்டம் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. கோல் விழாமல் காத்தவரை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அவ்வாறு காத்த ஒருவரான சைலேன் மன்னாவின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

இவர் 1924-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஹௌராவில் பிறந்தார். 1942-இல் கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து, 1960 வரை வேறு கழகத்தை நாடாமல் ஆடினார். அவருடைய இடம் இடப்புறப் பின்களம். இன்று பெரும்பாலான அணிகளில் நால்வர் காக்கும் பின்களத்தை அந்நாளில் பெரும்பாலும் இருவரே காத்தனர். எதிரே ஓடி வருவோரோ ஐந்து பேர்! ஆகவே கால் வலிமை மட்டும் போதாது. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே அறியும் கூர்மையும் வேண்டும். மன்னாவிடம் இரண்டும் இருந்தன.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் வீரர்களில் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் வெறுங்காலுடன் ஓடிப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது. உலர்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து நன்றாகவே பணியும். ஆனால் ஈரப் புல்லிலும் குளிரிலும் ஆணி பதித்த காலணிக்கு முன் அது நிற்காது. அன்று சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே. எனினும் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளில் ஒன்றை மகாவீர் பிரசாதும் மற்றொன்றை மன்னாவும் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்து வென்றது.

ஒரு வீரரின் மனத்தை உடைக்க இது போதாதா? மன்னா உடைந்துவிடவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1951-இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரே இந்திய அணியின் தலைவர். இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் 3-0 என வென்று, இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானையும் வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். மூன்று ஆட்டங்களிலும் நம் வலைக்குள் ஒரு பந்துகூட விழவில்லை. பின்களத்தின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோல்வி மீண்டும் வந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என வீழ்த்தியது. அதன் பிறகே நம் வீரர்களுக்குக் காலணி கட்டாயமாயிற்று.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் வாரச் சம்பளத்துக்கு ஆடினர். அதற்கும் உச்ச வரம்பு இருந்தது. 1961-இல்தான் அது நீங்கியது. மன்னாவோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்து பிழைத்தார். கால்பந்தை அவர் அன்புக்காகவே ஆடினார். 1971-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2012-இல் மறைந்தார்.

கால்பந்து ஆண்களுக்கே உரியது என்பாரும் உண்டு. தேசியப் போட்டியில் 2018-இலும் 2023-இலும் பட்டம் வென்ற தமிழ்நாட்டு மகளிர் அணி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அடுத்த முறை அணி பிரிக்கும்போது, "நான் முன்னால்தான் ஆடுவேன்" என்று நாம் அனைவரும் போட்டியிடுவதற்கு முன் மன்னாவைச் சற்று நினைப்போம். வீட்டிலும் பள்ளியிலும் பின்னால் நின்று காப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கைதட்டுவோம்.