3,500 கிலோ மீட்டர் மலைப்பாதை: கூலி வாங்காமல் காக்கும் தொண்டர் படை!

அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைத் தாண்டிச் செல்கிறது, அப்பலாச்சியன் நடைபாதை. நீளம் சுமார் 3,500 கிலோ மீட்டர். 1937-ல் முழுமை அடைந்த இந்தப் பாதையைப் பராமரிப்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான்!

ஆளுக்கு ஒரு துண்டு

சுமார் 30 சங்கங்கள் பாதையைப் பங்கு போட்டுள்ளன. அதையும் பிரித்து, "இது உங்க பொறுப்பு" என்று ஆளுக்கு ஒரு துண்டு ஒப்படைக்கிறார்கள். புதர் வெட்டுவது, மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் திருப்பி விடுவது, மரத்தில் வெள்ளைக் குறி பூசுவது எல்லாம் அவர் வேலை.

மோட்டார் ரம்பம் பிடிக்கச் சான்றிதழ் வேண்டும். சில காடுகளில் அதற்கும் தடை. இருவர் இழுக்கும் கை ரம்பம்தான்!

புயல் வைத்த சோதனை

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வீசியது. ஏராளமான மரங்கள் சாய்ந்தன. டென்னசியில் ஆற்றுப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. தெற்கே பாதை மூடப்பட்டது. தொண்டர்கள் ரம்பமும் கையுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். பாதையின் பெரும்பகுதி மீண்டது!