தேனீக் குழந்தைக்கு பாக்டீரியா காவல்!

பாக்டீரியா என்று யாராவது சொன்னால் போதும், நம் கை தன்னால் சோப்பைத் தேடுகிறது. டி.வி. விளம்பரக்காரர்கள் நம்மை அப்படி மிரட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி மூடி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும், பால் தயிராவதும் யாருடைய வேலை? அதே கோஷ்டிதான். தேன்கூட்டுக்குள்ளும் இந்த கோஷ்டியில் ஒருவர் சத்தமில்லாமல் வாட்ச்மேன் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் கூட்டுக்குள் ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம். கூட்டின் நடுப்பகுதியை மெட்டர்னிடி வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ராணி ஒரு நாளைக்கு 1,500 முட்டை வரை இடுவாள். (லீவு கிடையாது.) மூன்று நாளில் முட்டை பொரிந்து புழு வரும். அடுத்த ஆறு நாளும் புழுவுக்கு ஒரே வேலை, சாப்பாடு. ஊட்டிவிடுவது செவிலித் தேனீக்கள். அப்புறம் அறை வாசலை மெழுகால் மூடிவிடுவார்கள். உள்ளே பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, மூடியைக் கடித்துக்கொண்டு முழுத் தேனீயாக வெளியே வரும்.

இந்த வார்டின் வெப்பம் எப்போதும் 35 டிகிரியை ஒட்டியே இருக்கும். கதகதப்பு, ஈரம், சாப்பாடு, நெரிசல். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்!

ஒரு வகைப் பூஞ்சை தாக்கினால் புழு வெளுத்து, காய்ந்து, சாக்பீஸ் துண்டு போல ஆகிவிடும். இன்னொன்று அபூர்வம், ஆனால் பொல்லாதது. பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். ஈரம் பட்ட வேர்க்கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்து, அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தைக் கக்குகிறதே, அதே ஆசாமி. இது பிடித்த புழு கல்லாக இறுகிவிடும். வேலைக்காரத் தேனீக்கள் அந்தச் சின்னஞ்சிறு பிணத்தை இழுத்துக்கொண்டு போய் வாசலில் போடும்போது, அதிலிருந்து உதிரும் பூஞ்சைப் பொடி வழியெல்லாம் சிந்தும். அப்புறம் பக்கத்து அறை, அதற்கடுத்த அறை...

'தேனீ செத்தால் எனக்கென்ன சார்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிப்ரவரியில் கலிபோர்னியாவில் பாதாம் பூக்கும்போது மகரந்தம் சேர்க்க, அமெரிக்காவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தேனீப் பெட்டிகள் லாரியேறிப் போகின்றன. டெபுடேஷன்! பயணப்படி மட்டும் பெட்டிக்காரருக்கு. தேனீ வராவிட்டால் பாதாம் இல்லை, பாதாம் அல்வாவும் இல்லை.

இத்தனை முக்கியமான பூச்சி, ஆனால் பூஞ்சை பிடித்தால் கொடுக்கச் சொல்லிக்கொள்கிற மாதிரி மருந்து கைவசம் இல்லை. இந்த இடத்தில்தான் நம் வாட்ச்மேன் வருகிறார். பெயர் பாம்பெல்லா ஏபிஸ். காடி தயாரிக்கிற பாக்டீரியாக்களின் உறவுக்காரர். குடியிருப்பு, புழுக்களுக்கு ஊட்டுகிற ராயல் ஜெல்லியில். அந்த ஜெல்லி புளிப்பும் கிருமிநாசினியும் கலந்தது. சாதாரணக் கிருமிகள் அதில் காலம் தள்ள முடியாது. இவருக்கோ அது சொந்த வீடு.

இவர் அங்கே சும்மா ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிறாரா, அல்லது வேலையும் பார்க்கிறாரா? அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டிலேனி மில்லர், ஐரீன் நியூட்டன் குழுவினர் சோதித்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் கண்ணாடித் தட்டில் மோதவிட்டார்கள். எதிராளிகள் இரண்டு பேர். ஒருவர் நம் வேர்க்கடலை ஆசாமி. இன்னொருவர் பிவேரியா பேசியானா, நம்மூர் விவசாயிகள் பயிர்ப் பூச்சியைக் கொல்லத் தெளிக்கிற பூஞ்சை. இரண்டு பேருமே அடங்கிப்போனார்கள்.

தட்டில் ஜெயிப்பது பெரிதில்லை. தட்டில் சோப்புத் தண்ணீர்கூட ஜெயிக்கும். அடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த நிஜமான தேனீப் புழுக்களின் உணவில் பாம்பெல்லாவைக் கலந்து கொடுத்துவிட்டு, ஃப்ளேவஸை உள்ளே விட்டார்கள். பாம்பெல்லா சாப்பிட்ட குழந்தைகளில் நோய் கண்டவை மிகக் குறைவு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம்தான். நோய் கண்ட அந்தச் சில குழந்தைகளின் உடம்பிலும் பூஞ்சைப் பொடி குறைவாகத்தான் உண்டானது. பொடி குறைந்தால் பக்கத்து அறைக்காரன் பிழைப்பான். நெரிசலான வார்டில் இதைவிடப் பெரிய உபகாரம் என்ன வேண்டும்?

எப்படிச் செய்கிறது? பாக்டீரியா வளர்ந்த திரவத்திலிருந்து பாக்டீரியாவை நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் பூஞ்சைக்குக் கொடுத்தார்கள். அப்போதும் பூஞ்சை வளரவில்லை. ஆக, வாட்ச்மேன் கையில் தடி இல்லை. ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரந்து விரட்டுகிறார். அதன் மரபணுக்களைத் துழாவிய குழு மூன்று ரசாயனங்களின் மேல் சந்தேகம் என்று சொல்லி அந்தக் கட்டுரையை முடித்துக்கொண்டது.

சரி, தேனீக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவை நாமே ஒழித்துக்கட்டினால்? ஒழித்தும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் புழுக்களைத் தாக்கும் வேறொரு வியாதிக்கு, அது பாக்டீரியா வியாதி, பல வருஷங்களாக டெட்ராசைக்ளின் வகை மருந்தைக் கூட்டுக்குள் கொடுத்து வந்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேசி ரேமன், நான்சி மோரன் குழு நூற்றுக்கணக்கான தேனீக்களுக்கு இதைக் கொடுத்து, முதுகில் பெயின்ட் பொட்டு வைத்து, கூட்டுக்குத் திருப்பி அனுப்பியது. மூன்று நாள் கழித்து எண்ணினால், மருந்து சாப்பிடாத கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆஜர். சாப்பிட்டவர்களில் ஒரு பங்குதான்! குடலிலிருந்த நல்லவர்களும் சேர்ந்து காலியானதுதான் காரணம் என்று 2017-இல் எழுதினார்கள். அதே வருஷம் ஜனவரியிலிருந்து, அமெரிக்காவில் தேனீக்கு ஆன்டிபயாடிக் வாங்கக் கால்நடை டாக்டரின் சீட்டு வேண்டும் என்று சட்டம். நாம்தான் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மாத்திரை கேட்கிறோம்.

உடனே வியாபார மூளைக்கு ஒரு யோசனை தோன்றுமே, நல்ல பாக்டீரியாவைப் பாக்கெட்டில் போட்டு விற்றால் என்ன? விற்கிறார்கள். அப்படி ஒரு பாக்கெட்டை, ஆன்டிபயாடிக் கொடுத்த கூடுகளில் போட்டுப் பார்த்தது ரேமன் இடம்பெற்ற இன்னொரு ஆய்வு. தேனீயின் குடல் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவவில்லை. இம்மாதிரிப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது வேறு எங்கோ வளர்ந்த பாக்டீரியா. தேனீ வயிற்றில் அதற்கு ஒட்டாது. பாம்பெல்லா, செவிலித் தேனீயின் வாய் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் புழுவுக்குப் போய்க்கொண்டிருக்கும் வீட்டு ஆள்.