சினிகாங்: புளிப்புச் சாறும் பன்றிக்கறியும்

பிலிப்பைன்ஸில் மழை பிடித்துக்கொண்டால் பல வீடுகளில் சினிகாங் அடுப்பேறிவிடும். பன்றி விலா எலும்பையோ வயிற்றுக்கறியையோ வெங்காயம், தக்காளியோடு குழைய வேகவைத்த புளிப்புச் சாறு இது. மசாலா எதுவும் கிடையாது. பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து, வடிகட்டி ஊற்றுவார்கள். பழுத்த புளியில் இருக்கும் இனிப்பு இதில் இல்லை. நேராகப் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. விசாயாஸ் தீவுகளில் புளியங்காய்க்குப் பதிலாக பத்துவான் என்ற காயைப் போடுவார்கள். கொய்யா போட்டுச் செய்வதும் உண்டு. உப்புக்கு 'பாட்டிஸ்' எனும் மீன் சாறு. நீளப் பச்சைமிளகாயை முழுசாகப் போடுவது வாசனைக்குத்தான்.

சேப்பங்கிழங்கு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். அது வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும், புளிப்பில் கிழங்கு சீக்கிரம் வேகாது. முள்ளங்கி, காராமணிக்காய், வெண்டைக்காய் அடுத்து. வள்ளைக்கீரை கடைசியில், அடுப்பை அணைக்கும் நேரத்தில்.

சத்துக் கணக்கில் எனக்குப் பிடித்தது இதன் தண்ணீர்தான். அரிசி களைந்த இரண்டாம் கழுநீரில்தான் பலர் கறியை வேகவைக்கிறார்கள். தீட்டிய அரிசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தயமினிலும் (வைட்டமின் பி1) ஒரு பகுதி களையும்போது கழுநீரோடு போய்விடும். இந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸை வாட்டியது. 1910 வாக்கில் மணிலாவில் அதை ஆராயத் தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ்தான் 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்தார். பன்றிக்கறியில் தயமின் மாட்டுக்கறியைவிடப் பல மடங்கு அதிகம். வேகும்போது அதில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கும். ஆனால் சாற்றைக் கொட்டுவதில்லையே, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். புளிப்பான சாற்றில் தயமின் அவ்வளவு எளிதில் சிதைவதுமில்லை.

கொழுப்பு மட்டும் தாராளம். பச்சை வயிற்றுக்கறி 100 கிராமில் பாதிக்கு மேல் கொழுப்பு, ஏறத்தாழ 500 கலோரி. முதல்நாளே வேகவைத்துக் குளிரவைத்தால் மேலே உறைவதை வழித்தெடுத்துவிடலாம்.

உப்பில்தான் கை அடங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பாட்டிஸில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு 2,000க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் விற்கும் சினிகாங் பொடியிலும் உப்பு நிறைய. பொடி போட்டால் பாட்டிஸ் பாட்டிலைத் திறக்குமுன் ஒரு கரண்டி ருசி பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.