வார்டில் தடுமாறும் புத்தி

மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதியவருக்கு ஓரிரு நாளில், சில சமயம் ஒரே இரவில், புத்தி தடுமாறுவது வேறு. அதற்கு டெலிரியம் என்று பெயர். காலையில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் பிதற்றுவார். டிரிப்ஸைப் பிடுங்கி எறிபவரை வார்டே கவனிக்கிறது. சத்தமில்லாமல் கிடந்து, கூப்பிட்டால் பாதிப் பேச்சிலேயே கண்ணை மூடிக்கொள்பவரை ‘அசதியில் தூங்குகிறார்’ என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்கும் இதே கோளாறாக இருக்கலாம். ‘வயசானா அப்படித்தான்’ என்பது இங்கே பொருந்தாது. இதில் கணிசமான பகுதி தடுக்கக்கூடியது, அதுவும் மருந்தில்லாமல்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயே குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதல் சான்று. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு அதோடு கண்ணாடி, காது மெஷின், வேளாவேளைக்குத் தண்ணீர், படுக்கையைவிட்டு எழுப்பி நடக்கவைத்தல், இன்று என்ன தேதி என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தல். தூக்க மாத்திரைக்குப் பதில் இரவில் சூடான பால், முதுகுக்கு மசாஜ். மாத்திரை பொடிக்கும் கருவியைக்கூடச் சத்தம் போடாததாக மாற்றினார்கள். வழக்கமான சிகிச்சையில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இங்கே 9.9 சதவீதம் பேருக்கு வந்தது. ஆனால் வந்துவிட்டபின் அதன் கடுமையை இந்தக் கவனிப்பு குறைக்கவில்லை. ஆகவே முதல் நாளே தொடங்கினால்தான் பலன்.

அந்த ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, ஒத்தவர்களைப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. தைவானில் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 377 முதியவர்களிடம் குலுக்கல் முறையிலேயே சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். 15.1 சதவீதம் 6.6 ஆனது. ஓர் ஊசி போட்டால் முடிகிற வேலைக்கு இத்தனை பாடா என்பவர்களுக்கு, 2018-இல் வந்த அமெரிக்க ஐசியு ஆய்வு பதில்: ஹாலோபெரிடால் என்ற ஊசிமருந்து கொடுத்தவர்களுக்கு டெலிரியம் சீக்கிரம் தெளியவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நேரத்தில் ஊசி தேவைப்படலாம், அது வேறு கணக்கு. நர்ஸுகளுக்கு நேரமேது என்ற கேள்விதான் கனமானது. யேலில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள். நம் வார்டுகளில் பக்கத்திலேயே அட்டெண்டர் என்று மகளோ மருமகளோ இருக்கிறார். மருந்துச் சீட்டோடு ஓடுவதற்கு மட்டுமே அவரைப் பயன்படுத்துகிறோம். ஆபரேஷனுக்கு முன் கழற்றிய கண்ணாடியையும் பல்செட்டையும் திரும்ப மாட்டிவிடச் சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? தவிர, ‘நேத்து வரைக்கும் இப்படி இல்லை’ என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். டாக்டருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், கிருமித் தொற்றா, சிறுநீர் அடைப்பா, சோடியம் குறைவா, நேற்று புதிதாக எழுதிய மாத்திரையா என்று தேடத் தொடங்க.